கேட்கக் கூடாத பாதி

தவமணி கண் விழித்தபோது தொண்டை கட்டிக் கிடந்தது. எச்சில் விழுங்கினால் வலித்தது. ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்குச் சிரித்தோம் என்பதுதான் தெரியவில்லை.

"எந்திரிக்காதீங்க்கா, கொஞ்சம் அப்படியே படுங்க." சுகந்தி அவள் தலையிலிருந்து பட்டையைக் கழற்றினாள். "உங்க பாப்பா இன்னிக்கும் வாயே மூடலீங்க. தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்துட்டே இருந்தேன். கைய ஆட்டறதென்ன, துள்ளறதென்ன! உங்களுக்குள்ள இப்படி ஒரு வாயாடி இருக்குதுன்னு சத்தியம் பண்ணினாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

தவமணி சிரித்துக்கொண்டே வெள்ளைத் துணிக் கையுறைகளைக் கழற்றினாள். உள்ளே எழுந்திருக்கும் பிள்ளை தன் கைகளைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கையுறை. அந்த அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. நகரத்தின் கூச்சல் கேட்காதபடி சன்னலும் வைக்கவில்லை. ஒரு பாய், ஒரு தண்ணீர்ச் செம்பு, செயலி ஓடும் பலகை, அவ்வளவுதான்.

கோவையின் அந்தச் சிறார் செயலித் தேர்வு மையத்துக்கு அருளப்பன் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். அதற்கு முன் பத்திரப்பதிவில் இருந்தவர். அறை வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு விளங்கல தவமணிம்மா. குழந்தைங்க பயன்படுத்தற செயலி. அதைக் குழந்தைங்ககிட்டயே குடுத்துப் பாத்தா முடிஞ்சுது. எதுக்கு இத்தனை சுத்து?"

சுகந்திதான் பதில் சொன்னாள். "முன்னாடி அப்படித்தானுங்க சார் விட்டாங்க. புள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆனதுக்கப்புறம் உக்காந்து அழுதாங்க."

"சரி, பெரியவங்க பாத்துச் சொல்லலாமே."

"பெரியவங்கதான் ஏமாற மாட்டாங்களே. ஏமாறதுக்கு ஒரு ஆள் வேணுமில்லீங்க?"

அருளப்பன் தவமணியைப் பார்த்தார். தவமணிக்கு யாராவது முகத்தைப் பார்த்தாலே பேச்சு வராது. பட்டையைக் காட்டிச் சொன்னாள். "அதப் போட்டா பன்னெண்டு வயசுக்கு மேல நடந்தது எல்லாம் மூடிக்குமுங்க. அந்த வயசுப் புள்ள மட்டும் எந்திரிக்கும். பேசும், விளையாடும். நேரம் ஆனா திரும்பத் தூங்கிப் போயிரும். மறுக்கா எந்திரிச்சா விட்ட எடத்துல இருந்து பேசும்."

"அது பேசினது உங்களுக்கு நினைவிருக்குமா?"

"இல்லீங்க. அதுக்குச் செயலியில எதிர்ல இருக்கறவங்க என்ன சொன்னாங்கங்கறத மட்டும் அப்புறம் கேப்பேன். என் பாதிய நான் கேக்கக் கூடாதுங்க. அது விதி."

"ஏன்?"

"முன்னாடி ஒருத்தர் கேட்டாருங்க," என்றாள் சுகந்தி. "தன்னோட பழைய பேச்சக் கேட்டுட்டு, திரும்ப அந்த வயசுக்கே கீழ எறக்கி விடுங்கன்னு ஒரே அழுகை. மேல வரவே மாட்டேன்னுட்டாரு."

அருளப்பன் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். "பத்திரப்பதிவே தேவலாம் போல இருக்கே."

இன்னொன்றை அவர்கள் இருவரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லோருடைய பன்னிரண்டு வயதும் இந்த வேலைக்கு ஆகாது. கூட்டாளிகளோடு மரமேறித் திரிந்த பிள்ளைகளை இறக்கினால் அவை பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே விடச் சொல்லும். மையத்துக்கு வேண்டியது, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்துக் கிடந்த பிள்ளை.

தவமணியிடம் அப்படி ஒருத்தி இருந்தாள். உடுமலைப் பக்கம் மில் லைன் வீடுகளில் அவர்கள் குடியிருந்தபோது அம்மாவுக்குக் காசநோய் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து லைன் வீட்டுப் பிள்ளைகள் அவளோடு விளையாட வரவில்லை. அவள் போனால், உள்ளிருந்து ஒரு குரல் பிள்ளையைக் கூப்பிடும், கதவு சாத்திக்கொள்ளும். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஏன் என்றும் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. ஒருநாள் பள்ளிக்குப் போகாமல் நின்றாள். அவள் வராததை யாரும் கேட்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

இப்போது அவள் தேர்வு செய்துகொண்டிருந்த செயலியின் பெயர் பம்பரம். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இங்கே வருவதற்குத்தான் சான்று கேட்டிருந்தார்கள். படம் கிடையாது, சொந்தப் பெயர் கிடையாது. பிள்ளைக்குப் பிள்ளை ஒரே ஒரு கூட்டாளியைப் பம்பரம் தேடிக் கொடுக்கும். ஆளுக்கொரு பூச்சியின் பெயர் வைக்கும். எல்லோர் குரலையும் ஒரே மழலைக் குரலாக மாற்றிவிடும். தவமணியின் பிள்ளைக்கு அது தட்டான் என்று பெயர் வைத்திருந்தது. அவளுக்குக் கிடைத்த கூட்டாளி மின்மினி.

மாலையில் தன் மேசையில் அமர்ந்து மின்மினியின் பாதியைத் தவமணி கேட்பாள். நடுநடுவே தன் பிள்ளை பேசிய இடங்கள் வெறும் அமைதியாக இருக்கும். அந்த அமைதி முடிந்ததும் மின்மினி விழுந்து விழுந்து சிரிக்கும்.

"போட்டீ கள்ளி! நீ சொல்லுகது முழுக்கப் புளுகு. பூனைக்கு யாராவது பல்லு தேய்ச்சு விடுவாவளா?"

அமைதி.

"செரி, செரி, நம்பிட்டேன். அழாண்டாம். பொறவு என்ன ஆச்சு?"

தவமணியும் அந்த அமைதிக்குள் காதை வைத்துக் காத்திருப்பாள். தான் என்ன சொன்னால் ஒருவர் இப்படிச் சிரிப்பார் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. ஒண்டிப்புதூரில் மாடி அறையில் தனியாக இருந்தாள். பேருந்து நடத்துநரிடம் ஊர் பெயர், பால் கடையில் ஒரு சொல், சுகந்தியிடம் நாலு சொல் என்று அவள் நாள் முடிந்துவிடும். அவளுக்குள்ளே இருந்த பிள்ளையோ தொண்டை கட்டும்வரை பேசிக்கொண்டிருந்தது. சில நாட்களாக அவள் வேலைக்குச் சீக்கிரமே வந்துகொண்டிருந்தாள்.

அன்று மின்மினி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது.

"எனக்க அப்பா மஸ்கட்ல இருக்கு, கேட்டியா. நேத்து பேசுனேன். கடையில செவப்பா ஒரு போன் பெட்டி இருக்கும்லா, ஒத்த ரூவா போட்டா பேசுகது. அதுல மிஸ்டு கால் குடுத்தேன். அப்பா திரும்பக் கூப்பிட்டு. கடைக்காரரு எடுத்துத் தந்தாரு. அப்பான்னு சொன்ன ஒடனே கட்டாயிட்டு."

தவமணி அதைத் திரும்ப ஓடவிட்டாள்.

ஒரு ரூபாய் போட்டால் பேசும் பெட்டி. அவளுடைய சின்ன வயதில் மில் கேட்டுக்கு எதிர்க் கடையில் இருந்தது. அதைக் கடைசியாகப் பார்த்து முப்பது ஆண்டுகள் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளை ஒன்று அதைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. அப்படியானால் அந்த மழலைக் குரலுக்குப் பின்னால் இருப்பது அவள் வயதுள்ள ஓர் ஆள். குழந்தையாக நடித்து, அப்பா பக்கத்தில் இல்லாத கதை சொல்லி, ஒரு சிறுமியின் இரக்கத்தைச் சம்பாதிக்கிறான். பயிற்சியில் முதல் பாடமே இதுதான்.

அவள் தயங்கவில்லை. அருளப்பனிடம் போய்ச் சொன்னாள்.

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"புள்ளையா நடிக்கறவங்க அவங்க காலத்து நெனப்ப வாய்தவறி உளறிருவாங்க சார். அதுலதான் மாட்டுவாங்க."

பம்பரம் நிறுவனத்துக்குச் சொல்லி அன்றைக்கே மின்மினியின் கணக்கை முடக்கினார்கள்.

மறுநாள் பட்டையைப் போட்டுக்கொள்ளும்போது தவமணி சுகந்தியிடம் சொன்னாள். "இன்னிக்கு அழும் சுகந்தி. செம்புல தண்ணி நெறைய வெய்."

ஆனால் விழித்தபோது தொண்டை கட்டியிருந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

"அழவே இல்லீங்க்கா," என்றாள் சுகந்தி. "எப்பவும் போலத்தான்."

தவமணி ஓடிப்போய்ப் பதிவைக் கேட்டாள். மின்மினி பேசிக்கொண்டிருந்தது. அதே சிரிப்பு, அதே 'கேட்டியா'. அடுத்த நாளும் பேசியது. அவள் கோபத்தோடு அருளப்பன் அறைக்குப் போனாள். அந்த நடையைச் சுகந்தி அதற்குமுன் பார்த்ததில்லை.

"முடக்கறேன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க சார். அந்த ஆளு இன்னும் பேசிட்டு இருக்கான்."

அருளப்பன் அவளை உட்காரச் சொன்னார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"முடக்கிட்டாங்கம்மா. அந்த ஆளு யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பாத்துட்டு இருந்தேன். அவரு நம்ம ஆளு. நாகர்கோவில் மையத்துல உங்களை மாதிரியே தேர்வாளர். எப்பவும் ஒரு செயலி ஒரு மையத்துக்குத்தானே போகும்? இந்தத் தடவை ரெண்டு இடத்துல குடுத்து ஒத்துப் பாக்கலாம்னு தலைமையகத்துல யாருக்கோ யோசனை. நமக்குச் சொல்லல."

தவமணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. நடிப்பு இல்லை. அந்த ஆளுக்குள் எழுந்த ஓர் உண்மையான பிள்ளை, தன்னுடைய அந்தக் காலத்து நேற்றில் கடைக்குப் போய் ஒரு ரூபாய் போட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறது. தன் பாதியில் தன் பிள்ளையும் 'எங்க மில்லு கேட்டுக்கு எதுத்தாப்பல அதே பெட்டி இருக்குது' என்றுதான் சொல்லியிருக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் அதில் வியப்பே இருந்திருக்காது. பாதியைக் கேட்டவள் அவள்தான். பாதியைக் கேட்டுவிட்டு, உள்ளே வா என்று தன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியவளும் அவள்தான்.

அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"ஜெபதுரை பேசுகேன்." நடுவயது ஆணின் களைத்த குரல்.

அவள் தன் பெயரைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன.

"அய்யோ, அதெல்லாம் வேண்டாம் மேடம். நீங்க செரியாத்தான் செஞ்சிய. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். மறுநாளு எறங்கி எழும்பினப்போ கண்ணு ரெண்டும் வீங்கி இருந்து. பலகை தொறக்கலன்னதும் எனக்குள்ள இருக்க பய கதவைப் போட்டு இடிச்சானாம். இங்க உள்ளவங்க சொன்னாவ. எனக்கு ஒண்ணும் தெரியாது பாத்தியளா."

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் தவமணி.

கீழே சாலையில் ஒரு பேருந்து போனது. அங்கேயும் ஏதோ ஒரு வண்டி ஒலி எழுப்பியது. அந்தப் பையனும் இந்தச் சிறுமியும் அத்தனை பேசியிருக்கிறார்கள். அவர்களைச் சுமந்து திரியும் இரண்டு பெரியவர்களுக்கு நலம் விசாரிக்கக்கூட வரவில்லை. ஒரே வண்டியில் நெடுந்தூரம் போனவர்கள் இறங்கி ஆளுக்கொரு பக்கம் பார்ப்பது போல இருந்தது.

"ஆனா நேத்தும் மின்மினி பேசுச்சுங்களே," என்றாள் கடைசியாக.

"நான் பேசலையே மேடம். எனக்க கணக்கு அன்னைக்கே போச்சு."

பம்பரம் நிறுவனத்தின் ஆளைத் திரையில் அழைத்தார் அருளப்பன். பிரணேஷ் என்ற அந்த இளைஞன் கும்பிட்டுச் சிரித்தான். கேட்டதும் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னான்.

"ஒரு குழந்தை திடீர்னு விலகிட்டா இன்னொரு குழந்தை உடைஞ்சு போயிடும் இல்லையா மேடம்? அதனால அந்தக் கூட்டாளியோட பேச்ச பம்பரமே தொடரும். அதே கேலி, அதே சிரிப்பு. குழந்தைக்குக் காயமே படாது."

"எத்தன நாளைக்கு?" என்றாள் தவமணி.

"குழந்தைக்கு வேண்டியவரைக்கும்."

"இப்ப உங்ககிட்ட இருக்கற புள்ளைகள்ல எத்தன பேரு நெசமான கூட்டாளிகிட்ட பேசிட்டு இருக்குதுங்க?"

அவன் சிரிப்பு மாறவில்லை. "அது வணிக ரகசியம் மேடம். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வித்தியாசம் குழந்தைக்குத் தெரியாது."

திரை அணைந்ததும் அருளப்பன் பெருமூச்சு விட்டார். "யோசிச்சுப் பாத்தா தப்பில்லையேம்மா. அங்க அந்தப் பையன் கதவை இடிச்சு அழுதிருக்கான். இங்க நம்ம பாப்பா சிரிச்சிருக்கு. நாடித்துடிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் அளவோட இருக்கு. தப்பான ஆள் நுழைய வழியே இல்லை. ஆளே இல்லையே! பாப்பாவோட வாக்குமூலத்தை வாங்கிட்டா நீங்க கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

தேர்வின் கடைசி இறக்கத்தில், செயலியைப் பற்றிப் பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்பது சட்டம். மறுநாள் காலை தவமணி கையுறையைப் போட்டுக்கொண்டு பாயில் படுத்தாள்.

விழித்தபோது உடம்பில் சிரிப்பு ஒட்டியிருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கை தானாகவே பின்னால் போய்த் துழாவியது. எதுவும் இல்லை.

அருளப்பன் மகிழ்ச்சியாக வந்தார். "பாப்பா தெளிவாச் சொல்லிடுச்சும்மா. பயமுறுத்துச்சான்னு கேட்டேன், இல்லைன்னுச்சு. அழ வெச்சுச்சான்னேன், இல்லவே இல்லைன்னுச்சு. மத்த பிள்ளைகளுக்குக் குடுக்கலாமான்னு கேட்டா, 'குடுங்க சார், ஆனா என்னோடத எடுத்துட்டுப் போயிராதீங்க'ன்னு கும்பிடுது."

"கும்பிட்டுச்சுங்களா?"

"ஆமா. நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

தவமணி சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "சார் வெளிய போனதும் பலகைய வாய்கிட்ட வெச்சு, கையால மூடிக்கிட்டு என்னமோ குசுகுசுன்னு பேசுச்சுங்க்கா. இத்தன நாள்ல அது அப்படிப் பேசினதே இல்லீங்க."

"என் பாதிய நான் கேக்கணும் சார்."

"விதி என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"எழுதிக் குடுத்தா கேக்கலாமுங்க. வர்றது என் தலைமேல. எழுதித் தரேன்."

அருளப்பன் ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அந்தப் பாதி, அறையில் வைத்த ஒலிவாங்கியில் பதிவானது. பம்பரம் மாற்றிய மழலைக் குரல் அதில் இல்லை. அது தவமணியின் சொந்தக் குரல்தான். ஆனால் அவள் ஒருநாளும் பேசியிராத வேகத்தில், மூச்சு வாங்க வாங்கப் பேசியது.

"மின்மினி, இங்க ஒரு சார் வந்து என்னென்னமோ கேட்டாரு. நான் ஒண்ணுமே சொல்லல."

நிறுவனம் செய்து கொடுத்த மின்மினி என்ன பதில் சொன்னதோ, அந்த இடம் அமைதியாக இருந்தது.

"நீ மின்மினி இல்லைன்னு எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். மின்மினி கோவிச்சுக்குவான். பூனைக் கதையச் சொன்னா புளுகுன்னு திட்டுவான். அவங்கப்பா போன் வர்ற நேரம் என்னையப் பாதியில விட்டுட்டு ஓடிருவான். நீ எங்கயுமே போறதில்ல. எது சொன்னாலும் சிரிக்கற." மூச்சு வாங்கியது. "அவனையும் அவங்கம்மா உள்ள கூப்புட்டுட்டாங்க போல. பரவால்ல. நீ இரு. நீ யாருன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா உன்னையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

தவமணி காதிலிருந்து ஒலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அழுகை வரவில்லை. கீழேயே இருந்துவிட வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து ஒருமுறை உலுக்க வேண்டும் போல இருந்தது. உலகத்தில் அதைத் தொடவே முடியாத ஒரே ஆள் அவள்தான்.

அருளப்பன் அறைக்குப் போய்ச் சொன்னாள். "பாதுகாப்பு இல்லைன்னு எழுதிக்குங்க சார்."

"பாப்பா நல்லதுன்னு சொல்லுச்சே!"

"பொய் சொல்லுச்சுங்க. தனியா இருக்கற புள்ள துணைக்காக எதை வேணும்னாலும் மறைக்கும். இன்னிக்கு இது ஆளில்லாத பொம்மை. நாளைக்கு இதே எடத்துல எவனாச்சும் உக்காந்தாலும் அந்தப் புள்ள இப்படித்தான் கையால வாய மூடிட்டு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லும். பொய் சொல்றதுக்கு இது பழக்கி விட்டுருச்சு சார்."

அருளப்பன் பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். "ஒண்ணு இருக்கும்மா. பிள்ளையோட வாக்குமூலத்துக்கு எதிரா முடிவெடுத்தா, ஏன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லியாகணும். சட்டத்துலயே இருக்கு. இதுவரைக்கும் யாரும் எதிரா எழுதினதில்லை, அதனால அந்த வேலை வந்ததில்லை. யாரு சொல்றது? நீங்க சொல்ல முடியாதே."

வாசலில் நின்றிருந்த சுகந்தி, "நானுங்களா?" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தவமணி மறுபடி பாயில் உட்கார்ந்தாள். பலகையை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். சுகந்தி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள்.

"என்னன்னு ஆரம்பிக்கறதுங்க்கா?"

"உள்ளதச் சொல்லு. மின்மினி போனது அவனாப் போகல, நாங்கதான் தெரியாம நிறுத்திட்டோம்னு சொல்லு. அவனும் அழுதான்னு சொல்லு. அது முக்கியம். அவங்கம்மா ஒண்ணும் கூப்புடலைன்னு சொல்லு. கதவுகிட்ட நின்னு சொல்லாத. உள்ள வந்து பக்கத்துல உக்காந்து சொல்லு."

"நீங்க யாருன்னு என்னையக் கேட்டா?"

"உன் பேரச் சொல்லு. அதுகிட்ட யாரும் பேரு சொன்னதில்ல."

சுகந்தி பட்டையை அவள் தலையில் வைத்து, முடியை ஒதுக்கி, இறுக்கினாள். "அழுதா என்னங்க்கா பண்றது? நேரம் முடியற வரைக்கும் அழுதுட்டே இருந்தா?"

தவமணி கையுறைகளைப் போட்டுக்கொண்டாள். படுத்துக் கண்ணை மூடினாள்.

"அழட்டும் சுகந்தி. நீ எந்திரிச்சு மட்டும் போயிராத."